கோடை லீவில் ஐ.சி.எஃப். ரயில் மியூசியம்: பிள்ளைகளோடு போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் டிக்கெட் வாங்கி உள்ளே நுழைந்த கையோடு டாய் ட்ரெயின் வரிசையில் போய் நின்றுவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். அவசரக்காரர்கள் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டுக் கிளம்பலாம்.

லீவு விட்டதும் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று தெரியாமல் மாலுக்குப் போய்ப் பணத்தைக் கரைக்கிற நம்ம பக்கத்து ஆட்களுக்காகத்தான் எழுதுகிறேன். வில்லிவாக்கம் நியூ ஆவடி சாலையில், ரயில் பெட்டி செய்கிற ஐ.சி.எஃப்.பின் (இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி) ஃபர்னிஷிங் பிரிவை ஒட்டி, 2002 முதல் இந்த மியூசியம் இருக்கிறது. ஆறு ஏக்கருக்கு மேல் இடம், பாதிக்கு மேல் திறந்தவெளி. பெரம்பூரில் பிறந்து, பெரம்பூரிலேயே கல்யாணம் பண்ணி, இன்னும் இதன் கேட்டைத் தாண்டாதவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

நாங்கள் போனது மே மாத ஞாயிற்றுக்கிழமை, கேட்க வேண்டுமா, எள் விழ இடமில்லை. ஆனால் கூட்டத்தைப் பற்றி நான் சொல்ல வருவது வேறு. கூட்டமான மியூசியத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரிகிறது என்று ஒருமுறை அதன் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள்: புடவைக் கொசுவம், பேன்ட் பாக்கெட், யாரோ ஒரு அக்காவின் ஹேண்ட்பேக் ஜிப். எழும்பூர் மியூசியத்தை, அதாவது நம் பெரியவர்கள் சொல்கிற செத்த காலேஜை, நான் குறைத்துப் பேசவில்லை, 1851இல் ஆரம்பித்த இடம், அங்கே இருக்கிற சோழர் காலத்து நடராஜர்களை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. ஆனால் லீவு நாளில் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நாலு வரிசை ஆள் நிற்கும்போது சின்னதுக்கு நடராஜரும் தெரியாது, பீடமும் தெரியாது. அங்கே கூட்டத்திலும் அதற்குத் தெரிவது திமிங்கல எலும்புக்கூடு ஒன்றுதான், ஏனென்றால் அது அவ்வளவு பெரிசு. (1855இல் மெட்ராஸின் மிருகக்காட்சிசாலையே அந்த வளாகத்தில்தான் தொடங்கியது. பிறகுதான் சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985இல் வண்டலூர் போனது. புலி இருந்த காலத்தில் அங்கே என்ன நெரிசல் இருந்திருக்கும்!)

ரயில் எஞ்சினுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. முன்னால் ஐம்பது பேர் நின்று செல்ஃபி எடுத்தாலும் அவர்கள் தலைக்கு மேலே பாய்லரும் புகைபோக்கியும் தெரியும், கீழே கால்களுக்கு நடுவே சக்கரம் தெரியும். என் சின்னவள் அந்தக் கால்களுக்கு ஊடே புகுந்து போய் ஒரு நீராவி எஞ்சினின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அம்மா, நான் பெரிசா இது பெரிசா?" என்று கத்தினாள். அதுதான் பெரிசு. சக்கரத்தின் உள்பக்க விளிம்பு மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறதே, அதுதான் வண்டி தண்டவாளத்தை விட்டு இறங்காமல் பிடித்துக்கொள்கிறது என்பதை அவளே விரலால் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். காலை நேரம், அதனால் தொட முடிந்தது. மதியத்துக்கு மேல் கத்திரி வெயிலில் அந்த இரும்பைத் தொட்டால் கை பொசுங்கிவிடும், பத்து மணிக்கே போய்விடுங்கள்.

எங்களுக்கு இன்னொரு வசதி, மாமனார் கூட வந்தார். ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கிற பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். உங்கள் வீட்டிலும் லோகோ, கேரேஜ், ஐ.சி.எஃப். என்று எதிலாவது இருந்த தாத்தா, பெரியப்பா யாராவது இருப்பார், நம் ஏரியாவில் இல்லாத வீடு ஏது, அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பலகையில் எழுதியிருப்பதைப் பிள்ளைகள் படிக்க மாட்டார்கள், தாத்தா சொன்னால் கேட்பார்கள். பெரியவனைப் பார்த்து, "டேய், நீ பிராட்கேஜ்ல குறுக்க படுத்தா உள்ளயே அடங்கிடுவ, மீட்டர்கேஜ்ல படுத்தா கால் வெளிய நீட்டும்" என்றார். கேஜ் என்பது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள அகலம்: பிராட்கேஜ் 1676 மில்லிமீட்டர், மீட்டர்கேஜ் 1000 மில்லிமீட்டர். அவன் உடனே தன் உயரத்தை மில்லிமீட்டரில் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். லீவில் கணக்குப் போட்டது அன்றைக்கு மட்டும்தான். பீச்சிலிருந்து தாம்பரம் போகிற கரண்ட் வண்டி 1931இல் ஆரம்பித்து 2004 வரைக்கும் மீட்டர்கேஜில்தான் ஓடியது என்று சொன்னபோது எனக்கே தூக்கிவாரிப்போட்டது. காலேஜுக்கு அதில்தான் போய் வந்தேன், அப்போது தண்டவாளத்தின் அகலத்தை யார் பார்த்தார்கள்.

மாமா அதிக நேரம் நின்றது பழைய பெட்டிகளுக்குப் பக்கத்தில். முன்பெல்லாம் மர உடம்பை இரும்புச் சட்டத்தின்மேல் உட்கார வைத்திருப்பார்களாம், மோதினால் தீப்பெட்டிக்குள் தட்டு நுழைகிற மாதிரி ஒரு பெட்டி இன்னொன்றுக்குள் சொருகிக்கொள்ளும். 1955இல் நேரு திறந்துவைத்த ஐ.சி.எஃப்.பில் சுவிஸ் டிசைனை வைத்து அடிச்சட்டம், பக்கச்சுவர், கூரை எல்லாவற்றையும் ஒரே எஃகுக் கூடாகப் பற்றவைத்தார்கள். பெயரில் இருக்கிற 'இன்டெக்ரல்' அதுதான். நாமெல்லாம் ஏறி வளர்ந்த அந்த நீலப் பெட்டியைச் செய்வதை 2018 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள், அதே வருஷம் அதே ஃபேக்டரியிலிருந்து இப்போதைய வந்தே பாரத்தின் முதல் வண்டி வெளியே வந்தது. இதைச் சொல்லும்போது மாமாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. பெரியவன் மட்டும், "தாத்தா, வந்தே பாரத் இங்க இருக்கா?" என்று கேட்டு அவரைக் கடுப்பேற்றினான்.

டாய் ட்ரெயினுக்கு வருகிறேன். கூட்டம் உண்மையில் தொண்டையை அடைப்பது இங்கேதான், பதினொரு மணிக்கு மேல் வரிசை பாம்பாக வளைந்துவிடுகிறது. வெயிலில் நின்று அழுகிற பிள்ளைகள், விசிறிக்குப் பதில் டிக்கெட்டை ஆட்டுகிற பாட்டிகள். முதலிலேயே ஏறிவிட்டால், "எப்பம்மா ட்ரெயின், எப்பம்மா ட்ரெயின்" என்கிற நச்சரிப்பு தீர்ந்து மீதி நேரம் உங்களுடையது. உள் அரங்கத்து மாடல்களைச் சாப்பாட்டு நேரத்தில் பாருங்கள், எல்லோரும் நிழல் தேடிப் போய்விடுவதால் அப்போதுதான் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிள்ளையை நிறுத்த முடியும்.

சட்டை நிறம் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாங்கள் உள்ளே இருந்தபோது ஒரு சம்மர் கேம்ப் கூட்டம் வேனில் வந்து இறங்கியது, எல்லாம் மஞ்சள் டீ-ஷர்ட். எங்கள் சின்னவளும் அன்றைக்கு மஞ்சள். விசில் ஊதியதும் எல்லோரும் இரண்டு இரண்டாகக் கைகோத்து நிற்க, இவளும் ஒரு பையன் கையைப் பிடித்துக்கொண்டு ஜம்மென்று நின்றுவிட்டாள். நான் எஞ்சினைச் சுற்றிச் சுற்றித் தேடி உயிர் போகிறது, அந்த மிஸ் அங்கே தலையை எண்ணி எண்ணி ஒன்று கூடுதலாக வருகிறதே என்று குழம்பிக்கொண்டிருந்தார். குறையாமல் கூடியதால் எங்கள் பிள்ளை கிடைத்தது. அதனால் மஞ்சள், ஆரஞ்சு, பளீர் பச்சை வேண்டாம், இப்போது எல்லாக் கேம்ப்பும் அந்த நிறம்தான். கட்டம்போட்ட சட்டையோ பாவாடையோ போடுங்கள். சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள்.

போக்குவரத்துக்கு மின்சார ரயிலை விட்டால் வேறு யோசிக்காதீர்கள். வியாசர்பாடி ஜீவாவில் ஏறினால் பெரம்பூர், கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ், அடுத்தது வில்லிவாக்கம். டிக்கெட் அஞ்சு ரூபாயிலிருந்து. வில்லிவாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கும்போது பேரம் பேசிவிட்டு ஏறுங்கள், எங்களிடம் ஒருவர் கூச்சமே இல்லாமல் ஏர்போர்ட் ரேட் கேட்டார். பையில் மோர், தொப்பி, ஒரு துண்டு போதும். புளி சாதம், வறுவல், வாட்டர் பேக் என்று மூட்டை கட்டினால் நாள் முழுக்க அதை நீங்கள்தான் சுமப்பீர்கள். நாங்கள் காலையில் இட்லியை வயிறு முட்டக் கொடுத்துவிட்டு, மத்தியானம் பிஸ்கட்டோடு சமாளித்து, திரும்பும்போது வியாசர்பாடி பி.வி. காலனியில் அத்தோவும் (பர்மா நூடுல்ஸ்) வாழைத்தண்டு சூப்பும் வாங்கிக் கொடுத்தோம். சின்னவள் முட்டையை மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தை என் தட்டில் தள்ளினாள்.

என் கணக்கில் ஐந்துக்கு நாலு ஸ்டார். மூன்று வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தையை மே மாதத்தில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அதற்கு டிசம்பர் லீவு வரட்டும். திங்கட்கிழமை மூடியிருக்கும். எழும்பூரையும் சேர்த்துத் திட்டம் போடுகிறவர்களுக்கு, அங்கே வெள்ளிக்கிழமை லீவு.