மர்ஃபியோட நீல அட்டை கிராமர் புக்: 19-லேர்ந்து 25 வரைக்கும் உள்ள யூனிட்டுக்காகவே வாங்கலாம்

நான் திருப்பூர்ல ஒரு துணி எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சன்டைசர், அதாவது பையரோட ஆர்டர பாத்துக்கற ஆளு. பையருக்கு போற மெயில்ல பாதி இனிமே நடக்கப்போறத பத்தித்தான் இருக்கும், சாம்பிள் எப்ப வரும், லேப் டிப் (கலர் ஓகே வாங்கறதுக்கு சாயம் போட்டு அனுப்பற துணித் துண்டு) எப்ப அனுப்புவீங்க, ஷிப்மென்ட் எப்ப கெளம்பும்னு. இது எல்லாத்துக்கும் எங்கிட்ட இருந்த ஒரே வார்த்தை 'வில்'. வீ வில் சென்ட், வீ வில் செக், வீ வில் டூ. ஒரு தடவ ஃபிட் சாம்பிளுக்கு (அளவு சரியா இருக்கான்னு பாக்க அனுப்பற சாம்பிள்) கூரியர் புக் பண்ணிட்டு 'வீ வில் சென்ட் தி சாம்பிள் ஆன் தர்ஸ்டே'ன்னு போட்டேன், அந்த பையரம்மா உடனே 'புக் பண்ணியாச்சா, இல்ல இனிமேதான் பண்ணணுமா'ன்னு திருப்பி கேட்டாங்க. கிழமையே சொல்லியாச்சே இன்னும் என்ன வேணும்னு எனக்கு புரியவே இல்ல. எங்க சீனியர் அக்கா மெயில பாத்துட்டு மர்ஃபி புக்குல 19-வது யூனிட்ட மட்டும் படிச்சுட்டு வான்னாங்க.

ரேமண்ட் மர்ஃபி எழுதுன 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்', கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டி பிரஸ் போட்டது, 1985-ல முதல்ல வந்துச்சு, என்கிட்ட இருக்கறது 2019-ல வந்த அஞ்சாவது எடிஷன். மொத்தம் 145 யூனிட், அதுல 19-லேர்ந்து 25 வரைக்கும் எதிர்காலத்த பத்தினது. எல்லாமே ரெண்டு பக்கம்தான், இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் எக்ஸர்சைஸ். சாப்பாட்டு நேரத்துல ஒரு யூனிட் முடிச்சுடலாம்.

19-ல என்ன இருக்குன்னா, ஏற்பாடு பண்ணி முடிச்ச விஷயத்துக்கு ப்ரசன்ட் கன்டினியூவஸ் போடணும். 'வீ ஆர் சென்டிங் தி சாம்பிள் ஆன் தர்ஸ்டே'. அவ்ளோதான். படிச்சதும் எனக்கு தோணுனது, இதத்தான நாம தமிழ்ல தெனமும் பேசறோம்! 'நாளைக்கு ஊருக்கு போறேன்'னா பஸ்ஸுக்கு புக் பண்ணியாச்சு, பை கட்டியாச்சு. 'போவேன்'னு சொன்னா வீட்ல யாராவது நம்புவாங்களா? ஸ்கூல்ல 'எதிர்காலம்னா வில்'னு ஒரே வரில முடிச்சுட்டாங்க, நம்ம வாய்ல ஏற்கனவே இருந்த வித்தியாசத்த யாரும் எடுத்து காட்டல, எனக்கு அதுதான் இன்னைக்கும் ஆதங்கம். அதே யூனிட்ல டைம்டேபிள் விஷயத்துக்கு சிம்பிள் ப்ரசன்ட்னு இருக்கு, 'தி வெசல் லீவ்ஸ் தூத்துக்குடி ஆன் சன்டே'. இது எனக்கு வாரா வாரம் உதவுது.

20-வது யூனிட் 'கோயிங் டு'. முன்னாடி பாக்காம நடந்து போய் சுவத்துல மோதப்போற ஒரு ஆளு படம் இருக்கும். மோத'ப்போற', அந்த வார்த்தையவே பாருங்க. மழை வரப்போகுது, அவன் விழப்போறான்னு நாமளும் 'போ'வ வெச்சுத்தான் சொல்றோம், இங்கிலீஷ்காரங்களும் 'கோ'வ வெச்சுத்தான் சொல்றாங்க. இத பாத்தப்பறம் எனக்கு அந்த யூனிட் மறக்கவே இல்ல. 23-ல வில்லையும் கோயிங் டுவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு காட்டறாங்க, முன்னாடியே முடிவு பண்ணதுன்னா கோயிங் டு, பேசிக்கிட்டு இருக்கும்போதே தோணுனா வில். போன் அடிக்குது, 'இரு நான் எடுக்கறேன்'ங்கற எடத்துல 'ஐ வில் கெட் இட்'.

24 எல்லாருக்கும் பயம், வில் பி டூயிங், வில் ஹேவ் டன். பயப்படவே வேணாம், 'பத்து மணிக்கு பேக்கிங் பண்ணிட்டு இருப்போம்', 'பத்து மணிக்குள்ள பேக்கிங் முடிச்சிருப்போம்', இந்த ரெண்டையும் வாய்விட்டு சொல்லிப் பாத்தாலே புரிஞ்சிடும்.

ஷால் பத்தி சொல்லணும். ஐ, வீ-க்கு ஷால், மத்ததுக்கெல்லாம் வில்னு மனப்பாடம் பண்ணியிருப்பீங்க, அது 1653-ல ஜான் வாலிஸ் எழுதுன இலக்கணத்துல இருந்தே வர்ற ரூல். இப்ப பேச்சுல முக்கியமா 'ஷால் ஐ ஓபன் தி விண்டோ'ன்னு கேக்கற மாதிரி எடத்துலதான் வருது, நம்ம 'தொறக்கட்டுமா' மாதிரி. மர்ஃபி இத ரொம்ப சுருக்கமா, தெளிவா முடிச்சிருக்காரு.

இந்த புக் உலகத்துல எல்லா பாஷைக்காரங்களுக்கும் பொதுவா எழுதுனது, அதனால தமிழ் பேசறவங்க தனியா சறுக்கற எடத்த நாமளேதான் பாத்துக்கணும். ரெண்டு எடம் சொல்றேன். 'அவர் தெனமும் அஞ்சு மணிக்கு எந்திரிப்பார்'னு வழக்கத்துக்கும் நாம எதிர்கால வடிவத்தத்தான் போடுவோம், அந்த பழக்கத்துல 'டெய்லி ஹீ வில் கெட் அப் அட் ஃபைவ்'னு வந்துடுது, அங்க 'ஹீ கெட்ஸ் அப்' தான் வேணும். இன்னொன்னு 25-வது யூனிட், 'வென் யூ வில் கம்'னு எழுதக்கூடாது, 'வென் யூ கம்'. நாம 'நீங்க வரும்போது'ன்னு சொல்றோம், அந்த 'வரும்' எதிர்கால வடிவங்கறதால வில் தானா வந்து ஒட்டிக்குது. 'நீங்க வந்தா', 'நீங்க வந்ததும்'னு மனசுல மாத்தி சொல்லிட்டு அப்பறம் எழுதுங்க, வில் வராது. எனக்கு இது பழக ரெண்டு மாசம் ஆச்சு.

வாங்கும்போது ஆன்சர்ஸ் உள்ள எடிஷனான்னு பாத்து வாங்குங்க, ஆன்சர் இல்லாததும் தனியா விக்குது, தனியா உக்காந்து படிக்கறவங்களுக்கு அது ஆகாது. ரொம்ப அடிப்படைலேர்ந்து வேணும்னா இவரே எழுதுன சிவப்பு அட்டை 'எசென்ஷியல்' இருக்கு, அத மொதல்ல முடிங்க. பச்சை அட்டை 'அட்வான்ஸ்டு' வேற ஒருத்தர் எழுதுனது, இப்ப அவசரப்பட வேணாம்.

பின்னாடி அப்பெண்டிக்ஸ்ல இந்த எதிர்கால வடிவமெல்லாம் ஒண்ணா சேத்து ஒரு சின்ன பட்டியல் இருக்கு. அத பாத்து நானே எங்க வேலைக்கு ஏத்த வாக்கியமா மாத்தி, பக்கத்துலயே 'அனுப்பறோம், அனுப்பப்போறோம், அனுப்புவோம், அனுப்பிட்டு இருப்போம், அனுப்பியிருப்போம்'னு தமிழையும் எழுதி மானிட்டர் கீழ ஒட்டி வெச்சிருக்கேன். பக்கத்து சீட்டு பொண்ணு அவளுக்கும் ஒண்ணு எழுதிக் கேட்டிருக்கா, இன்னைக்கு சாயங்காலம் எழுதிக் குடுக்கறேன்னு சொல்லியிருக்கேன்.