பழைய 407-க்கு ஃபீட் பம்ப் மாற்றிய பட்டறை

மதுரை பழங்காநத்தத்திலிருந்து திருப்பரங்குன்றம் போகும் சாலையில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு டீசல் பம்ப் பட்டறை இருக்கிறது. கழற்றிப் போட்ட பழைய பம்புகள் நிறைந்த தகர டிரம் வாசலில் நிற்கும்; அதுதான் அடையாளம். பழைய லாரியை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இந்த இடத்தைத் தயங்காமல் சொல்வேன். பழுது இன்னதென்று உறுதியாகாமல் இங்கே ஸ்பேனரைத் தொடுவதில்லை.

என்னுடையது டாடா 407 சிறிய லாரி. கீழமாசி வீதியில் பலசரக்கு ஏற்றிக்கொண்டு உசிலம்பட்டி வழியாகத் தேனிக்கு ஓடுகிறது. சமதரையில் ஒரு குறையும் தெரியாது. ஆண்டிபட்டிக் கணவாய் வந்ததும் இழுவை விட்டுப்போகும். மிதிக்க மிதிக்க வேகம் இறங்கும். காலையில், டீசலைக் கையால் ஏற்றுகிற கைப்பம்ப் அடிக்காமல் ஸ்டார்ட் ஆகாது. முதலில் காட்டிய வேறோர் இடத்தில் பானெட்டைத் திறந்த கையோடு, டீசலை அளந்து அனுப்பும் மெயின் பம்பை இறக்கிக் காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) செய்ய வேண்டும், டீசலை என்ஜினுக்குள் பீய்ச்சும் நாசில் எல்லாம் மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். சோதிக்காமல் சொல்கிற அந்த உறுதி எனக்குப் பிடிக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இங்கே பெரியவர் என்ஜினை ஓடவிட்டு, என்னை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். பையன் கைப்பம்பை அடித்துக்கொண்டே இருந்தான். அடிக்கும் வரை என்ஜின் சுத்தமாக முறுக்கியது; நிறுத்தியதும் தொய்ந்தது. "தம்பி, மெயின் பம்பைத் தொட வேண்டாம். அதற்கு டீசல் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்" என்றார்.

ஏன் வரவில்லை என்பதற்கு அடுத்த சோதனை. டேங்கிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, ஒரு கேனில் நல்ல டீசல் ஊற்றி, கண்ணாடிபோல் தெரியும் குழாய் வழியாக, டேங்கிலிருந்து டீசலை இழுத்து மெயின் பம்புக்குத் தள்ளும் ஃபீட் பம்புக்கு நேரடியாகக் கொடுத்தார். குழாயில் ஒரு குமிழ்கூட இல்லை, ஆனாலும் அதே தொய்வு. டேங்க் வலையில் அடைப்போ, ஹோஸில் காற்றோ இல்லை என்று அதிலேயே தெரிந்தது. பிறகு ஃபில்டருக்கு முன்னால் கேஜ் மாட்டினார். முள் 1 பாருக்குக் கீழேயே தடுமாறியது; ஃபீட் பம்ப் தள்ளும் அழுத்தம் போதவில்லை.

கழற்றிய ஃபீட் பம்பின் வால்வை வெயிலில் நீட்டிக் காட்டினார். வால்வு வந்து உட்காரும் இடத்தில் முடி அளவுக்கு ஒரு பள்ளம். நகத்தால் தடவினால்தான் தட்டுப்பட்டது. தள்ளிய டீசல் அந்த வழியாகவே திரும்பிவிடுகிறது. நிறுத்தி வைத்த வண்டியில் இரவெல்லாம் டீசல் டேங்குக்கு இறங்கியதும் அதனால்தான். டீசலைத் தள்ளும் பிளஞ்சர் ஓடும் துளையும் கோடு விழுந்து கிடந்தது. ரிப்பேர் கிட் போட்டால் செலவு குறையுமே என்றேன். துளை தேய்ந்த பிறகு கிட் போடுவது வீண் என்றார். கோடுகளைக் கண்ணால் பார்த்ததால் நானும் ஒத்துக்கொண்டேன். ஆயில் குச்சியையும் எடுத்து முகர்ந்து பார்த்தார். பம்பின் தள்ளுகோல் பக்கம் கசிந்தால் டீசல் ஆயிலில் கலந்து அளவு ஏறும். நல்ல வேளை, என் வண்டியில் அது நடக்கவில்லை.

புதிய பம்ப் பாஷ் தயாரிப்பு. மைக்கோ கம்பெனி 2008-இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாற்றிக்கொண்டது, ஆனால் பட்டறையில் இன்னும் மைக்கோ பம்ப்தான். பெட்டியை என் கண்முன்னே பிரித்தார்கள். போலிச் சரக்கு நடமாடும் தொழிலில் இது பெரிய விஷயம். செம்பு வாஷர் அத்தனையும் புதிது. பழையதைத் தேய்த்துப் போட்டால் அங்கேதான் காற்று நுழையும். ஏர் எடுத்ததும், அதாவது டீசல் பாதையில் புகுந்த காற்றை வெளியேற்றியதும், அவசரமில்லாமல் நடந்தது: முதலில் ஃபில்டர் ஸ்க்ரூ, நுரை நின்றபின் மெயின் பம்ப். கைப்பம்பை இறுக்கி மூடிவிட்டுச் சாவியைத் திருப்பினால், உடனே பிடித்தது. அதன் பிறகு முழு லோடோடு கணவாயில் ஏறினேன். மூன்றாவது கியரில் நிற்காமல் இழுத்தது.

பம்ப், வாஷர், கூலி எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. பழைய பம்பையும் கையில் கொடுத்துவிட்டார்கள்.

குறையும் உண்டு. காத்திருக்க நிழல் கிடையாது, பில் துண்டுச் சீட்டுதான். பழுதைப் பெரியவர் ஒருவரே பார்ப்பதால் முதலிலேயே கேட்டுவிட்டுப் போவது நல்லது. காமன் ரெயில் வண்டிகளை (எலக்ட்ரானிக் முறையில் டீசல் பீய்ச்சும் புதிய வகை) எடுப்பதில்லை. கிருத்திகை நாளில் போகாதீர்கள். திருப்பரங்குன்றத்துக்குப் போகிற கூட்டத்தில் லாரியை ஓரம்கட்ட இடம் கிடைக்காது.