துரு எடுத்த பழைய கருவிகள்: பல வருடம் புழங்கிய பிறகு

காயலான் கடைக் குவியலிலும் யாரோ கழித்துக் கட்டிய பெட்டிகளிலும் கிடக்கிற இரும்புச் சாமான்களைச் சரிசெய்து பயன்படுத்துவது எனக்குப் பல வருடப் பழக்கம். ஸ்பேனர், குறடு, உளி, இழைப்புளி, ஒரு கனமான பெஞ்ச் வைஸ் (மேசையில் பொருத்தி, வேலை செய்யும் பொருளைத் தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் கருவி) எல்லாம் இப்படி வந்து சேர்ந்தவைதான். துரு எடுக்கும் வழிகளில் அநேகமாக எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. எந்த முறையில் எடுத்தோம் என்பதைவிட, எடுத்து முடித்த கையோடு என்ன செய்தோம் என்பதுதான் அந்தக் கருவியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பேன்.

எல்லோரும் முதலில் போவது வினிகருக்கு. வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அமிலம் துருவைத் தின்று முடித்ததும் நிற்காது, அடியில் இருக்கிற நல்ல இரும்பிலும் கை வைக்கும். நாள்கணக்கில் ஊறவிட்டால் பரப்பு சாம்பல் பூத்துச் சொரசொரப்பாகிவிடும். நான் சிட்ரிக் அமிலத்துக்கு மாறி வெகுநாள் ஆகிறது. லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் போட்டு வெதுவெதுப்பாக வைத்தால் மேலோட்டமான துரு சில மணி நேரத்தில் விட்டுவிடும், நாற்றமும் கிடையாது. அதற்கு முன்னால் கிரீஸையும் பழைய எண்ணெயையும் சோப்பு போட்டுக் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் இருந்த இடம் மட்டும் திட்டுத்திட்டாக அப்படியே நிற்கும். கால்வனைஸ் செய்த பொருளை இதில் போடக் கூடாது, துத்தநாகப் பூச்சு கரைந்து போய்விடும். ஸ்பிரிங் மாதிரி நன்றாகக் கடினப்படுத்திய எஃகையும் நான் போடுவதில்லை. அமிலத்தில் உண்டாகும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும்; வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒரு நாள் பட்டென்று முறியும்.

வைஸ் மாதிரி பெரிய சாமானுக்கு மின்பகுப்புதான், அதாவது தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சித் துருவை எடுப்பது. பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீர், லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கணக்கில் சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், அவ்வளவுதான் சாமான். கருவி எப்போதும் எதிர்முனையில் இருக்க வேண்டும், நேர்முனையில் பழைய இரும்புத் தகடு. மாற்றிக் கொடுத்தால் கருவிதான் கரையும். தகடாக எவர்சில்வரை வைக்கவே கூடாது, அதிலிருக்கும் குரோமியம் நச்சான சேர்மமாகத் தண்ணீரில் இறங்கும். வெளிவரும் வாயு ஹைட்ரஜன் என்பதால் காற்றோட்டமான இடமும் வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது, நல்ல இரும்பு அநேகமாகத் தேய்வதே இல்லை என்பது. தகட்டுக்கு நேராக இருக்கும் பக்கம்தான் வேகமாகச் சுத்தமாகும், அதனால் நடுவில் திருப்பித் திருப்பி வைக்க வேண்டியிருக்கும், கொஞ்சம் தொல்லைதான். வைஸை வெளியே எடுத்தபோது மேலெல்லாம் கரிய சேறு மாதிரி ஒரு படலம். நைலான் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கத் தாடையின் குறுக்குவெட்டுப் பற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன, பக்கவாட்டில் வார்ப்பிலேயே வந்த எழுத்துகள் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

சரி, இனிதான் முக்கியமான இடம். துரு போன இரும்பு ஈரத்தோடு நின்றால் கண்முன்னாலேயே ஆரஞ்சு நிறம் ஏறும், சில நிமிடம் போதும். அமிலத்தில் ஊறியதாக இருந்தால் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒருமுறை முக்கி, சுடுதண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, சூடான காற்றில் காயவைத்து, அந்தச் சூடு ஆறுவதற்குள் எண்ணெய் போட்டுவிடுகிறேன். மரை இடுக்குகளில் தங்கும் தண்ணீர்தான் பெரிய எதிரி.

மேல்பூச்சு விஷயத்தில் வருடங்கள் போனால்தான் வித்தியாசம் தெரிகிறது. தண்ணீரை விரட்டும் ஸ்ப்ரே அன்றைக்கு நன்றாக இருக்கும், பிறகு ஆவியாகி மெல்லிய படலம்தான் மிச்சம். மழைக்காலத்தில் முதலில் துரு கண்டவை அவைதான். மெஷின் ஆயில் தேவலாம், ஆனால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேன்மெழுகைச் சூடான இரும்பில் தேய்த்து வைத்த உளிகளும் இழைப்புளியும் இன்றும் அப்படியே இருக்கின்றன, கையில் பிசுபிசுப்பும் இல்லை. ஆளிவிதை எண்ணெய் மரப்பிடிக்கு அருமை. ஆனால் அதைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் எண்ணெய் காயும்போது உண்டாகும் சூட்டில் தானாகவே தீப்பிடிக்கும், கட்டாயம் விரித்துத்தான் காயவைக்க வேண்டும். துருவைக் கருநிறமாக மாற்றுகிற டானிக் அமிலப் பூச்சை வைஸின் அடிப்பகுதிக்குப் போட்டேன், அங்கே அது பொருத்தம். தளர்ந்த துருவைச் சுரண்டாமல் அதன்மேலேயே பூசினால் செதில் செதிலாக உரிந்து வரும். நகர்கிற பாகங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்ப்பது வேகமான வழிதான், ஆனால் கம்பிகள் பிய்ந்து ஊசியாகப் பறக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் நிற்கக்கூட வேண்டாம். வெட்டும் முனைகளை ஒரேயடியாக அழுத்தித் தேய்த்தால் சூடேறி நீலம் பாய்ந்து, முனையின் கடினமே போய்விடும். அப்புறம், எல்லாமே மீட்கத் தக்கவை அல்ல. முகத்தில் விரிசல் கண்ட சுத்தியலை எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் எடுப்பதில்லை.