கிரிஸ்டலா, பாலிமரா: பேனல் கதவில் போட்ட ஜன்னல்கள்

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ஒயர் இணையும் ஜாயின்ட் எங்காவது அதிகம் சூடாகிறதா என்று வருடத்துக்கு இரண்டு முறை தெர்மல் கேமராவால் மின்பேனல்களைப் பார்ப்போம். முன்பெல்லாம் லோடு ஓடும்போதே கதவைத் திறந்துதான் பார்ப்பது. அதில் உள்ள ஆபத்தைச் சொல்லவே வேண்டாம், ஒரு ஸ்பேனர் கை தவறி விழுந்தால் போதும். மெஷினை நிறுத்திவிட்டுத் திறந்தாலோ ஜாயின்ட் ஆறிவிடும். பாதி லோடிலேயே ஜாயின்டில் வரும் சூடு கால் பங்காகிவிடும் என்பதால் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷின் எல்லாம் ஓடும் ஷிஃப்டில்தான் பார்க்க வேண்டும். ஆகவே கதவிலேயே, மூடியபடியே கேமராவால் பார்க்க வெப்ப அலையை விடும் இன்ஃப்ராரெட் ஜன்னல் போட்டோம்.

"கண்ணாடி போட்டால் போதாதா அண்ணே?" என்று ஹெல்பர் பையன் கேட்டான். கானாடுகாத்தான் வீடுகளின் பெல்ஜியம் கண்ணாடி என்றாலும் சரி, கடையில் வாங்கும் அக்ரிலிக் என்றாலும் சரி, நம் கேமராக்கள் பார்க்கும் 8 முதல் 14 மைக்ரான் அலையை உள்ளே விடாது. கண்ணாடியைக் கேமராவால் பார்த்தால் நம் முகச்சூடுதான் திரும்பத் தெரியும்.

எங்களுக்கு வந்த தேர்வு இரண்டு: கால்சியம் ஃபுளோரைடு கிரிஸ்டல், அல்லது உள்ளே வலைத்தகடு வைத்த பாலிமர். கிரிஸ்டல் பார்க்க அழகு. டார்ச் அடித்தால் உள்ளே லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோகக் காது) எல்லாம் கண்ணுக்கே தெரியும். பாலிமர் பால் நிறத்தில் மங்கலாக இருக்கும், வலையும் கொஞ்சம் வெப்பத்தை மறைக்கும். முதலில் நானும் கிரிஸ்டல் பக்கம்தான். இன்கமரில் (மெயின் சப்ளை வந்து சேரும் பேனல்) இரண்டு கிரிஸ்டல், மோட்டார்களை இயக்கும் எம்சிசி பேனல்களில் பாலிமர் என்று போட்டுப் பார்த்தோம்.

இரண்டு வருடத்தில் மனம் மாறியதற்குக் காரணம் பராமரிப்பு. ஸ்பின்னிங் ஷெட்டில் ஈரப்பதம் 55, 60 சதவீதம் வைக்காவிட்டால் நூல் அறும். அந்தக் காற்று பேனல் அறைக்குள்ளும் வரும். போதாததற்குப் பஞ்சு தூசி. அதைத் துடைக்கப் பையன்கள் எடுப்பது ஈரத்துணி. இதில் எங்கள் கிரிஸ்டல் மெல்ல மங்கியது. மங்கியது கண்ணுக்குத் தெரியாது, கேமராவின் எண்ணில்தான் தெரியும்.

அதைப் பிடிக்க ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ஷட்டவுன் அன்று கதவைத் திறந்து, ஜன்னலுக்குப் பின்னால் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிய சுடுதண்ணி டம்ளரைப் பிடிக்கச் சொல்வேன். டேப் எதற்கென்றால், பளபளக்கும் உலோகம் உள்ள சூட்டைக் காட்டாது. (பஸ்பார் எனும் மின்சாரம் பாயும் உலோகப் பட்டைகளின் ஜாயின்டுகளிலும் இதே காரணத்துக்காக ஒரு துண்டு டேப் ஒட்டி வைத்திருக்கிறோம்.) ஜன்னல் இல்லாமல் டம்ளர் 80 டிகிரி காட்டும்போது, தொடக்கத்தில் கிரிஸ்டல் வழியே 64, பாலிமர் வழியே 62. இரண்டாவது ஐப்பசி மழைக்குப் பிறகு கிரிஸ்டல் 57க்கு இறங்கியது. பாலிமர் அதே 62.

குறைத்துக் காட்டுவது பிரச்சினையே இல்லை. எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தால் கேமராவில் ஊடுருவல் அளவைப் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் அந்த அளவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை நகர்ந்தால், போன வருட ரிப்போர்ட்டோடு எப்படி ஒப்பிடுவது? ஆர், ஒய், பி மூன்று ஃபேஸ்களையும் ஒரே ஜன்னல் வழியே பார்க்கும்போது எது அதிகச் சூடு என்று தெரியும்தான். ஆனால் வித்தியாசமும் சுருங்கித்தானே தெரியும்? உண்மையில் 20 டிகிரி வித்தியாசம் இருக்கும், பாதி சூட்டை மறைக்கும் ஜன்னலில் 10 போலத் தோன்றும், "அடுத்த ஷட்டவுனில் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவோம்.

பாலிமரிலும் ஒரு ஜன்னலைச் சொதப்பினோம். துளை போட்ட இடம் லக்குக்கு நேராக இல்லாமல் பிரேக்கர் உடம்புக்கு நேராகிவிட்டது. துளை போடும் முன் கதவைத் திறந்து வைத்து, கேமரா கோணத்தை அட்டையில் வரைந்து பார்த்திருக்க வேண்டும். இன்னொன்று, எந்த ஜன்னலும் உள்ளே ஆர்க் (மின்பொறி) வெடித்தால் அதைத் தடுக்கும் கேடயம் அல்ல.

நான் சொல்வது 415 வோல்ட் பேனல்களுக்கு மட்டும். 11 கேவி பக்கம் நாங்கள் கை வைக்கவில்லை, அதற்கு என் பேச்சை எடுக்காதீர்கள். குளிரூட்டிய, தூசியில்லாத அறை என்றால் கிரிஸ்டல் நன்றாகவே நிற்கலாம். எங்கள் இன்கமரில் இருக்கும் இரண்டையும் வருகிற ஆயுதபூஜை ஷட்டவுனில் கழற்றப் போகிறேன்.