பதினொரு ஆண்டு டிப்பரும் ஓர் எர்த் வயரும்

மணல் ஏற்றப் பழைய பத்துச் சக்கர டிப்பர் லோரி ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா மாமா என்று மைத்துனர் மகன் சென்ற வாரம் கேட்டான். அதே இனத்து லோரி ஒன்றைப் பதினொரு ஆண்டுகளாக நான் வைத்திருக்கிறேன். 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பிறகும் நாங்கள் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும், மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள எங்கள் ஊரில், ஆற்று மணலும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண்ணுமாக அது சுமந்தது கொஞ்சநஞ்சமல்ல. எஞ்சினைப் பற்றி எல்லாருக்கும் தெரியும் என்பதால், போன மாதம் நான் செலவு செய்த பிரேக்கையும் வயரிங்கையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பிரேக்கைப் பொறுத்தவரை எனக்குக் குறையே இல்லை. முழுக் காற்றுப் பிரேக் என்பதால், காற்று ஒழுகினால் சீறும் ஓசை காதில் விழுகிறது. சவர்க்கார நீரைத் தடவினால் ஒழுகும் இடத்தில் குமிழி எழும்புகிறது. பின்னச்சுகள் இரண்டிலும் சக்கரத்தோடு சுழலும் டிரம்மைக் கழற்றியபோது, அதில் உரசிப் பிடிக்கும் லைனிங் ரிவெட் தலை தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. ஒரு டிரம்மில் விரல் நகம் சிக்கும் வரிப்பள்ளம் விழுந்திருந்தது. பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால், தூசியைக் காற்றடித்து விரட்டாமல் ஈரத் துணியால் துடைத்தெடுத்தோம். காற்று இறங்கினால் தானே பிரேக்கைப் பிடிக்க வைக்கும் ஸ்பிரிங் பிரேக் சேம்பரை மட்டும், உள்ளே அழுந்தியிருக்கும் ஸ்பிரிங்கைப் போல்ட் போட்டு இறுக்கிப் பிடிக்காமல் யாரும் திறக்க வேண்டாம்; அது விடுபட்டால் ஆளைக் கொன்றுவிடும். புது லைனிங் போட்ட பின் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரை, லைனிங் பொருத்திய ஷூ டிரம்மைத் தொடும் வரை முறுக்கி, பிறகு கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று வரை தளர்த்தினால் போதும், ஸ்பேனர் ஒன்றே தேவை. தினமும் மாலையில் காற்றுத் தொட்டியின் அடித் திறப்பைத் திறந்து நீரை வடித்துவிட்டால் இந்த அமைப்பு பல ஆண்டுகள் உழைக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் ஒரு நாளுக்கே ஒரு கோப்பை வடிகிறது. இப்போது முழுச் சுமையோடு தோட்டத்துச் சரிவில் இறங்கும்போது, மிதித்த அளவுக்குப் பிடிக்கிறது, ஒரு பக்கமாக இழுப்பதே இல்லை.

என் கோபமெல்லாம் வயரிங்மீதுதான். பிரேக்கை மிதித்தால் பின்னால் இடது இண்டிகேட்டர் மங்கலாக எரிந்தது. பிரேக் விளக்கோ பாதி வெளிச்சத்தில் நின்றது. மூன்று பட்டறைகளில் பல்பை மாற்றினார்கள், இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் ஃபிளாஷரை மாற்றினார்கள், பிரேக் சுவிட்சையும் மாற்றினார்கள். பணம் வாங்கியதில் மட்டும் மூவரும் ஒற்றுமையாக இருந்தார்கள். கடைசியில் வயதான ஃபோர்மன் ஒருவர் வந்து, "பல்பைப் பார்க்காதீங்க தம்பி, எர்த்தைப் பாருங்க" என்று சொன்னார். எர்த் என்பது விளக்குக்குப் போன மின்னோட்டம் லோரியின் இரும்புச் சட்டம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. பிறகு அவர் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையைப் பின்விளக்கின் உடலிலும் வைத்து, என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். ஒரு வோல்ட்கூடக் காட்டக் கூடாத இடத்தில் மீட்டர் ஆறு வோல்ட் காட்டியது. பின்விளக்கின் எர்த் வயரைச் சட்டத்தில் போல்ட் போட்டிருந்த இடம், ஈர மணலிலிருந்து நீர் சொட்டும் இடத்துக்கு நேர் கீழே இருந்தது. அங்கே துரு ஏறி வழி அடைபட்டதால், மின்னோட்டம் இண்டிகேட்டர் பல்பு வழியாகப் புகுந்து முன் இண்டிகேட்டரில் எர்த் தேடிப் போயிருக்கிறது. மணல் ஏற்றும் லோரியில் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் மணலையே பார்த்ததில்லை என்றுதான் தோன்றுகிறது. அந்த வயரைக் கழற்றி, சட்டத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, வயர் முனைக்குப் புது லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்) போட்டு, கிரீஸ் பூசி, வேறு உயரமான இடத்தில் பொருத்த நாற்பது நிமிடம் ஆனது.

ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும். இருபத்து நான்கு வோல்ட்டுக்காக இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்திருக்கும் இந்த லோரியில், ஒரு பேட்டரி மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செத்துக்கொண்டிருந்தது. அதற்கும் முந்தைய உரிமையாளரைத்தான் பல ஆண்டுகள் திட்டினேன். மின்னல் எஃப்எம் கேட்பதற்காகப் பன்னிரண்டு வோல்ட் ரேடியோவுக்கு நடு இணைப்பிலிருந்து வயர் இழுத்தவன் நானே என்பது ஃபோர்மன் அந்தக் கறுப்பு டேப்பை உரித்தபோதுதான் நினைவுக்கு வந்தது. அப்படி எடுத்தால் ஒரு பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே போகும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும். இப்போது இருபத்து நான்கைப் பன்னிரண்டாக்கும் சிறு கன்வெர்ட்டர் வைத்திருக்கிறேன். என் மனைவிக்கு இந்தக் கதை தெரியாது.

மைத்துனர் மகனுக்குச் சொன்னது இதுதான்: பார்க்கப் போனால் இருட்டிய பிறகு போ, ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு நீ பின்னால் நின்று பார், பக்கத்து இண்டிகேட்டரும் மங்கலாக எரிந்தால் விலையைக் குறைத்துப் பேசு. என்னைக் கேட்டால் வாங்காதே என்பேன். நேற்று மழையில் வலது பக்க விளக்கும் மங்க ஆரம்பித்துவிட்டதால் சொல்கிறேன். அவன் கேட்ட அன்றே பதில் சொல்லியிருந்தால், லைனிங் மாற்றிய மகிழ்ச்சியில், உடனே முன்பணம் கொடு என்று சொல்லியிருப்பேன்.