பட்டுச்சேலையை டோபிக்குப் போடும் முன்

சுங்கை சிப்புட்டில் பட்டுச்சேலையை டோபி கடையில் கொடுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். கடையின் பெயரைச் சொல்லவில்லை.

அண்ணன் மகள் கல்யாணத்தில் பெண்ணைக் கட்டிப்பிடித்து அழுததில், அவள் முகத்துப் பவுண்டேஷன் பாதி என் தோளுக்கு வந்துவிட்டது. கூடவே லிப்ஸ்டிக் ஒரு கீற்று. சந்தன நிறக் காஞ்சிபுரம். அதுவும் அம்மாவிடம் இரவல் வாங்கியது. என் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையிலும் அதே கறைதான்.

சேலையில் கைவைக்கப் பயந்து கடைக்குக் கொண்டுபோனேன். "ட்ரை கிளீன்தான்க்கா, ஒண்ணும் ஆகாது" என்றார் கடைத் தம்பி. 35 வெள்ளி (ரிங்கிட்).

மூன்று நாள் கழித்துப் பையைத் திறந்ததும் நீச்சல்குளத்து வாடை. கறை இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். சரிகை கறுத்திருந்தது. மடிப்பை விரித்தபோது நூல் 'பிசுக்'கென்று விட்டது. பட்டும் நம் தலைமுடி மாதிரிப் புரதம்தான், குளோரின் ப்ளீச் பட்டால் அரித்துவிடும். ட்ரை கிளீனில் அந்த வாடை வர வழியே இல்லை. அப்புறம்தான் எட்டிப் பார்த்தேன்: உள்ளே இருந்ததெல்லாம் சாதாரண வாஷிங் மெஷின்.

"முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சு" என்றார். கல்யாணப் படத்தைக் காட்டியதும் ரசீதைத் திருப்பி, 'சேதத்துக்குப் பொறுப்பல்ல' என்று மலாயில் அச்சடித்திருந்த வரியைக் காட்டினார். வரி அச்சடித்துவிட்டால் எதையும் பாழாக்கலாமா?

வயிற்றெரிச்சல் என்னவென்றால், வீட்டுக்காரர் சட்டையை நானே சரிசெய்துவிட்டேன். பவுண்டேஷனில் எண்ணெயும் சிலிக்கானும் இருப்பதால் வெறும் தண்ணீருக்கு அசையாது. மேலே அப்பியிருந்ததைக் கரண்டிக் காம்பால் வழித்தெடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு சொட்டு விட்டு, கறையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றியெடுத்தேன். அப்புறம் பச்சைத்தண்ணீர். கறை போகும்வரை இஸ்திரி மட்டும் போடாதீர்கள், சூடு பட்டால் பிடித்துக்கொள்ளும். இது பருத்திக்குச் சரி. பட்டில் இதைச் செய்யாதீர்கள்.

கடையில் கொடுப்பதாக இருந்தால் எங்கே வைத்துச் சுத்தம் செய்கிறார்கள் என்று கேளுங்கள். கொடுக்கும் முன் அங்கேயே படம் எடுங்கள், என்ன கறை என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

நான் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். இன்னும் விசாரணைத் தேதி வரவில்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்றும் போனில் கேட்டார், "சேலையை மடிச்சு வெச்சிட்டியா?"