ஒரே ஏரி, மூன்று கருவிகள்: பி5, கோடோ, யூனிட்டி – எதில் தொடங்கலாம்?

சென்னை மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் இல்லை. விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அக்கா மகள் செமஸ்டர் புராஜெக்டுக்கு எடுத்துக்கொண்டது இதைத்தான். அந்தப் பக்கம் நீண்டு கிடந்த ஏரி 1920களில் தூர்க்கப்பட்டுத்தான் தியாகராய நகர் எழுந்தது. பழைய வரைபடத்தின் மேல் விரலை இழுத்தால் ஏரி சுருங்கித் தெருக்கள் முளைக்க வேண்டும். அலைச் சத்தம் தேய்ந்து பஸ் ஹாரன் ஏற வேண்டும். தெருப் பெயர்கள் எழுத்தெழுத்தாக வர வேண்டும். படம், ஒலி, எழுத்து, தொடுகை நான்கும் உண்டு. பயிற்சிக்கு இதைவிட நல்ல சின்ன வேலை எனக்குத் தெரியவில்லை.

"எதுல பண்றது சித்தி? காலேஜ்ல எல்லாரும் யூனிட்டிங்கறாங்க" என்றாள்.

கண்காட்சிகளுக்குத் தொடுதிரை வேலை செய்துவரும் எனக்கு இதில் தெளிவான கருத்து உண்டு. ஆனாலும் சொல்லிக் கேட்பதைவிடச் செய்து பார்ப்பது நிற்கும். கோடை விடுமுறையில் அதே ஏரியை பி5, கோடோ, யூனிட்டி என்ற மூன்று நிரல் கருவிகளிலும் செய்ய வைத்தேன். அவளுடையது எட்டு ஜிபி ரேம் உள்ள லேப்டாப். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. இந்த ஊரில் பெரும்பாலான மாணவர்கள் கையில் இருப்பது அந்த மாதிரி மெஷின்தான். ஒப்பீடும் அதில்தான் நடக்க வேண்டும்.

மூன்றும் வேறு வேறு பிறப்பு. பி5 ஜேஎஸ் (சுருக்கமாக பி5), 2001-இல் கேஸி ரீஸும் பென் ஃப்ரையும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பிராசஸிங் என்ற நிரல் கருவியின் வழிவந்தது. ஓவியரும் வடிவமைப்பாளரும் நிரல் எழுதப் பழக வேண்டும் என்பதே அதன் நோக்கம். லாரன் மெக்கார்த்தி அதைப் பிரவுசருக்குக் கொண்டுவந்தார். யூனிட்டி 2005-இல் வந்த விளையாட்டு எஞ்சின், அதாவது கணினி விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருள். சி ஷார்ப் என்ற நிரல்மொழியில் எழுத வேண்டும். கோடோவும் விளையாட்டு எஞ்சின்தான், ஆனால் 2014 முதல் திறந்த மூலம் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்), அர்ஜென்டினாவில் பிறந்தது.

முதல் நாளே வித்தியாசம் தெரிந்துவிட்டது. பி5-க்கு எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். இணையத்தில் அதன் எடிட்டரைத் திறந்து நாலு வரி எழுதினால் பக்கத்திலேயே படம் நகர்கிறது. கோடோவை இறக்கி, விரித்து, உடனே திறந்தாள். யூனிட்டிக்குப் பல ஜிபி இறங்க வேண்டியிருந்தது. சாயங்காலம் வரை காத்திருந்தாள், அதன் பிறகு ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் லேப்டாப் மூச்சு வாங்கியது. கற்கிற காலத்தில் ஒரு நாளைக்கு நூறு முறை மாற்றிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் நிற்க வேண்டியிருந்தால் பரிசோதிக்கும் ஆசையே வடிந்துவிடும்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது வேகமில்லை, தமிழ்.

யூனிட்டியில் எழுத்தைக் காட்ட வழக்கமாக எல்லோரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் 'மேற்கு மாம்பலம்' என்று அடித்தாள். இரட்டைக் கொம்பு மகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. 'கு' சேராமல் ககரம் தனி, உகரக் குறி தனி. "எழுத்து ஏன் இப்படி ஒடஞ்சு கெடக்கு?" என்று கேட்டாள். காரணம் எளிது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் 'மே' என்பதில் மகரம் முதலில், கொம்பு பிறகு என்றுதான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்க ஒரு தனி வேலை நடக்க வேண்டும். க்ரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதை ஹார்ஃப்பஸ் என்ற நிரலகத்திடம் விடுகின்றன. டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ வந்த வரிசையிலேயே வைத்துவிடுகிறது. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவது, அல்லது ஒவ்வொரு பெயரையும் ஃபோட்டோஷாப்பில் படமாக்கி ஒட்டுவது என்று நம்மவர்கள் சமாளிக்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன். கண்காட்சி திறப்புக்கு முந்தைய இரவு ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தப் பதினோரு படங்களை மறுபடி ஏற்றிய அனுபவம் எனக்கு உண்டு. ஒரு மாணவி தன் முதல் வேலையிலேயே தாய்மொழி எழுத்தைப் படமாக ஒட்டப் பழகுவது எனக்கு வலிக்கிறது.

கோடோ 2023 மார்ச்சில் வந்த நாலாம் பதிப்பிலிருந்து இதைச் சரியாகச் செய்கிறது. எழுத்துருவைப் போட்டாள், 'மேற்கு' மேற்காகவே வந்தது. எழுத்தெழுத்தாகக் காட்டும் வசதியிலும் ஓர் அமைப்பு உண்டு: குறிகள் சேர்வதற்கு முன் எண்ணுவதா, சேர்ந்த பின் எண்ணுவதா. பின் என்று மாற்றியதும் பெயர்கள் ஒழுங்காக விரிந்தன.

பிரவுசரில் தமிழ் தானாக வரும் என்று நினைத்தால் அங்கும் இரண்டு குழிகள் இருக்கின்றன. ஒன்று, பி5-இன் 1.x பதிப்புகளில் லோட்ஃபான்ட் என்ற கட்டளை கொண்டு எழுத்துருவை ஏற்றினால் பிரவுசரின் எழுத்துச் சேர்க்கை கைவிட்டுப் போய் யூனிட்டி கதைதான். வலைப்பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் வழியாக முக்தா மலர், கேட்டமரான் மாதிரித் தமிழ் எழுத்துருவை அழைத்து, பெயரை மட்டும் டெக்ஸ்ட்ஃபான்ட் கட்டளைக்குக் கொடுத்தால் சரியாக வரும். இரண்டு, எண்ணிக்கை. 'தமிழ்' என்றால் நமக்கு மூன்று எழுத்து. பி5 எழுதப்படும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டிடம் நீளம் கேட்டால் ஐந்து என்கிறது. அப்படியே ஒவ்வொன்றாகக் காட்டினால் முதலில் 'த', பிறகு 'தம', பிறகுதான் 'தமி' என்று தடுமாறி வரும். பிரவுசரிலேயே உள்ள இன்ட்ல் செக்மென்டர் என்ற வசதி நாம் எண்ணுவது போல மூன்றாக வெட்டித் தருகிறது. இதைப் பிடித்த அன்று அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒலியில் பி5 கொஞ்சம் படுத்தியது. 2018 முதல் க்ரோம், பார்ப்பவர் ஒருமுறை தொடாமல் சத்தம் எழுப்ப விடுவதில்லை. 'தொட்டுத் தொடங்கவும்' என்று ஒரு முகப்பு வைத்தால் தீர்ந்தது. கோடோவிலும் யூனிட்டியிலும் டெஸ்க்டாப்புக்கு எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஏரியின் ஓரத்துக்கு விரல் போகப் போக ஒலி இடம் மாறுவதும் அவற்றில் இன்னும் சுலபம்.

அடுத்தது, செய்ததை எப்படிக் காட்டுவது. பி5 வேலையை லிங்க்காக வாட்ஸப்பில் அனுப்பினாள். மாம்பலத்தில் பாட்டி தன் போனில் விரலால் ஏரியை இழுத்தார். கோடோவும் வலைக்கு வரும், ஆனால் நாலாம் பதிப்பு வரிசையில் 4.3-க்கு முன்பு சர்வரில் சிறப்பு அமைப்புகள் இல்லாமல் ஓடவைப்பது சிரமமாக இருந்தது. யூனிட்டியின் வலைப் பதிப்பு காலியான காட்சிக்கே பல எம்பி. மின்சார ரயிலில் சிக்னல் விட்டுவிட்டு வரும்போது யாரும் அதற்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் யூனிட்டியைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. விஆர் (மெய்நிகர் உலகம்) ஹெட்செட், போனில் ஏஆர் (கேமரா காட்சியின் மேல் படம் சேர்ப்பது), முப்பரிமாண விளையாட்டு இவற்றுக்குச் சென்னையில் வேலை தேடினால் அறிவிப்பில் அந்தப் பெயர்தான் நிற்கும். கற்றுத்தரும் வீடியோக்களும் அதற்கே அதிகம். எனக்கு உறுத்துவது உரிம விஷயம். யூனிட்டியில் செய்த விளையாட்டு ஓர் அளவுக்கு மேல் சம்பாதித்தால் அதன் ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று 2023 செப்டம்பரில் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பி, ஓராண்டு கழித்துத் திரும்பப் பெற்றார்கள். மாணவருக்கு அப்போதும் இப்போதும் இலவசம்தான். ஆனாலும் விதி நடுவில் மாறலாம் என்று பார்த்தாயிற்று. பிரவுசரில் அசைபடமும் விளையாட்டும் ஓடவைத்த ஃபிளாஷில் பத்து வருஷம் உழைத்தவர்களின் வேலை 2021 ஜனவரியில் பிரவுசர்களில் ஓடாமல் நின்றதை நான் கண்ணெதிரே பார்த்தவள். கோடோ, யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் விடும் எம்ஐடி உரிமத்தில் இருப்பதால் அந்தப் பயம் எனக்கு இல்லை.

டச்டிசைனரைப் பற்றியும் கேட்கிறார்கள். மேடைக் காட்சிக்கும் சுவரில் ப்ரொஜெக்டர் அடிக்கவும் அருமையான கருவி. வணிகமல்லாத இலவசப் பதிப்பில் 1280 பிக்சல் வரம்பு உண்டு. நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். முதல் கருவியாக வேண்டாம்.

மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் அர்டுயினோ என்ற சிறு சர்க்யூட் பலகையும் தூரம் அளக்கும் சென்சாரும் வாங்கி வந்து, ஆள் கிட்டே வந்தால் ஏரி நிறைவது போலச் செய்ய ஆசையா? அப்போது பி5-ஐ விடப் பழைய பிராசஸிங்கே கைகொடுக்கும். யூஎஸ்பி வழியாக வரும் எண்ணைப் படிக்க அதில் சில வரி போதும்.

ஆக, முதல் ஆறு மாதம் பி5. செய்த தப்பு உடனே கண்ணுக்குத் தெரியும், தமிழ் நிற்கும், வீட்டில் இருப்பவர்கள் தொட்டுப் பார்ப்பார்கள். நடந்து திரியும் உலகம் வேண்டும் என்று மனசு கேட்கும் நாளில் கோடோ. விஆர் வேலைதான் குறி என்றால் மூன்றாம் ஆண்டில் யூனிட்டி; அதற்குள் நிரலின் அடிப்படைகளான மாறி, நிபந்தனை, சுழற்சி எல்லாம் கைக்கு வந்திருக்கும், சி ஷார்ப் மிரட்டாது.

அக்கா மகள் ஏரி புராஜெக்டை பி5-இல் முடித்துக் கொடுத்துவிட்டாள். இப்போது நுங்கம்பாக்கம் ஏரியைப் பிடித்திருக்கிறாள், வள்ளுவர் கோட்டம் நிற்கும் இடம். அங்கே கரையில் நடந்துகொண்டே தண்ணீரைப் பார்க்க வேண்டுமாம். நேற்று கோடோவைத் திறந்து முதல் கரையைப் போட்டாள்.